டிஏசி, பர்ன்-இன், மாட்: ஒலியில் எது மாறுகிறது, எது மாறுவதில்லை

நல்ல ஹெட்போன் ஒன்று கைக்கு வந்ததுமே அடுத்த கேள்வி வந்துவிடும்: "இதுக்கு ஒரு டிஏசி வாங்கணுமா?" டிஏசி என்பது டிஜிட்டல் கோப்பின் எண்களை ஒலிக்கான மின்சிக்னலாக மாற்றும் கருவி. விசாரித்தால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். எல்லா டிஏசியும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும் என்பார் ஒருவர். இந்த சிப் 'வார்ம்' (மென்மை), அந்த சிப் 'பிரைட்' (கூர்மை) என்பார் இன்னொருவர். வாங்கியவுடன் முடிவு பண்ணாதீர்கள், 200 மணி நேரம் ஓடவிட்டுப் பிறகு கேளுங்கள் ('பர்ன்-இன்') என்று ஒரு யோசனை வரும். உள்ளே இருக்கும் ஆப்-ஆம்பை, அதாவது சிக்னலைக் கையாளும் பெருக்கிச் சிப்பை, மாற்றினால் ('மாட்') மூன்று மடங்கு விலையுள்ள பெட்டிக்குச் சமம் என்று இன்னொரு யோசனை வரும். இவை எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எவ்வளவு உண்மை, எந்த இடத்தில் என்று எண்களோடு பார்த்துவிட்டால் குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும்.

டிஏசி என்ன செய்கிறது

1982ல் சோனியும் பிலிப்ஸும் கொண்டுவந்த சிடி, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட் எண்ணாக எழுதிவைக்கிறது. 16 பிட் என்றால் 65,536 படிகள். அந்த எண்களைத் திரும்ப மின்னழுத்தமாக்குவதுதான் டிஏசியின் வேலை. போனில் ஒன்று இருக்கிறது, லேப்டாப்பில் ஒன்று இருக்கிறது, புளூடூத் ஹெட்போனுக்கு உள்ளேயும் ஒன்று இருக்கிறது. தனிப் பெட்டியாக வாங்கும்போது சிப்போடு சேர்த்து நல்ல மின்சப்ளை, கிளாக் (நேரத்தைச் சீராகத் தரும் சுற்று), அனலாக் வெளியீட்டுச் சுற்று ஆகியவற்றுக்கும் காசு கொடுக்கிறோம். சிப்பின் பெயரை மட்டும் வைத்து ஒரு பெட்டியை எடைபோடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

டிஜிட்டல் ஒலி படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்டு இருக்கும் என்ற படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். வழக்கமான டிஏசியின் வெளியீட்டில் அந்தப் படிக்கட்டு கிடையாது. 22.05 கிலோஹெர்ட்ஸுக்கு (44.1இல் பாதி) மேலே உள்ளதை வெட்டும் ஃபில்டர் ஒன்று உள்ளே இருக்கிறது. அந்த எல்லைக்குக் கீழே இருந்த அலை, புள்ளிகளிலிருந்து வழவழப்பாகத் திரும்பக் கிடைத்துவிடும். 1949ல் கிளாட் ஷானன் வெளியிட்ட கட்டுரையில் இதற்கான நிரூபணம் இருக்கிறது. பிட் எண்ணிக்கை கூடினால் இரைச்சல் தரை, அதாவது எப்போதும் அடியில் இருக்கும் இரைச்சலின் அளவு, கீழே இறங்குகிறது, அவ்வளவுதான். 16 பிட்டில் உச்ச ஒலிக்கும் இரைச்சலுக்கும் நடுவே சுமார் 98 டெசிபல் இடைவெளி. 24 பிட்டில் கணக்குப்படி 146 டெசிபல் வர வேண்டும். ஆனால் ரெசிஸ்டர்களின் வெப்ப இரைச்சல் குறுக்கே நிற்பதால் நல்ல டிஏசிகளும் 120, 130 டெசிபல் பக்கத்திலேயே நின்றுவிடும்.

எண்ணை மின்னழுத்தமாக்க இரண்டு முக்கிய வழிகள் உண்டு. முதலாவது ஆர்-2ஆர் எனும் ரெசிஸ்டர் ஏணி. ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு சுவிட்ச், அதற்கேற்ற ரெசிஸ்டர். கேட்க எளிமை, செய்வது கடினம். 16 பிட் துல்லியம் வேண்டுமென்றால் மேல் பிட்டின் ரெசிஸ்டர் 0.0015 சதவீதத்துக்குள் சரியாக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் உயர்தர 0.01 சதவீத ரெசிஸ்டரை வைத்தால் 13 பிட் துல்லியம்தான் தேறும். இரண்டாவது டெல்டா-சிக்மா. சில பிட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் மாற்றி மாற்றி அனுப்பி, வரும் இரைச்சலைக் காதுக்கு எட்டாத அதிர்வெண்களுக்குத் தள்ளிவிடும் முறை இது. இன்று ஈஎஸ்எஸ், ஏகேஎம், சிரஸ் லாஜிக் சிப்களில் பெரும்பாலானவை இந்த வகையே.

ஆர்-2ஆர் 'இயல்பான ஒலி' தருகிறது என்று சொல்பவர்களில் பலர் கேட்பது, பெரும்பாலும் 'நாஸ்' எனப்படும், ஓவர்சாம்பிளிங் (புள்ளிகளுக்கு நடுவே கூடுதல் புள்ளிகளைக் கணக்கிட்டுச் சேர்ப்பது) இல்லாத முறையின் விளைவை. அதில் டிஜிட்டல் ஃபில்டர் கிடையாது. அதனால் 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் 10 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 0.75 டெசிபலும், 20 கிலோஹெர்ட்ஸில் 3.2 டெசிபலும் சரிந்துவிடும். மேல்சுரங்கள் சற்று மங்கும். அதைத்தான் 'வார்ம்' என்கிறார்கள். இது கற்பனை கிடையாது, அளக்கவும் முடியும், பலருக்குக் கேட்கவும் செய்யும். பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் அதே சரிவை எந்த டிஏசியிலும் ஈக்வலைசரில் இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

ஜிட்டர் பற்றிய பயம் பழையது. கிளாக்கின் நேரத் தடுமாற்றம் இசையில் காதுக்குத் தெரிய வேண்டுமென்றால் பத்து, இருபது நானோசெகண்டு வேண்டும். இன்றைய அசிங்க்ரனஸ் யூஎஸ்பி டிஏசிகள் தங்கள் சொந்தக் கிளாக்கில் ஓடுகின்றன, தடுமாற்றம் பிக்கோசெகண்டுகளில் இருக்கிறது. இதற்காகத் தனிக் கேபிளோ கிளாக் பெட்டியோ வாங்கத் தேவையில்லை.

காதுக்கு உண்மையில் கேட்கும் வித்தியாசங்கள்

இரண்டு டிஏசிகளை மாற்றி மாற்றிக் கேட்டு "இது தெளிவாக இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் முதலில் கேட்க வேண்டியது: இரண்டின் வெளியீட்டு வோல்டேஜ் எவ்வளவு? ஆர்சிஏ (வீட்டுக் கருவிகளில் வரும் சாதாரணச் செருகி) வெளியீட்டுக்கு வழக்கமான அளவு 2 வோல்ட். ஒரு பெட்டி 2.0 வோல்டும் இன்னொன்று 2.2 வோல்டும் கொடுத்தால் வித்தியாசம் 0.83 டெசிபல். இவ்வளவு சின்ன ஏற்றத்தை 'சத்தம் கூடிவிட்டது' என்று காது உணராது. தெளிவு, பாஸ், உயிர்ப்பு என்றுதான் உணரும். டிஏசிகளுக்குக் குணம் சொல்லும் பெரும்பாலான பேச்சு இந்த ஒரு இடத்திலிருந்து கிளம்புகிறது என்பது எங்கள் உறுதியான கருத்து. சமநிலை எக்ஸ்எல்ஆர் வெளியீடு வழக்கமாக 4 வோல்ட். ஆர்சிஏயில் கேட்டுவிட்டு எக்ஸ்எல்ஆருக்கு மாறினால் 6 டெசிபல் கூடிவிடும். பிறகு அது நன்றாக ஒலிக்காமல் என்ன செய்யும்?

அடுத்தது வெளியீட்டு இம்பீடன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்கு வெளியீடு காட்டும் தடை. ஹெட்போனை நேராகச் செருகும் டாங்கிள் (போனில் மாட்டும் குட்டி டிஏசி), லேப்டாப், டிஏசி-ஆம்ப் பெட்டிகளில் இது மிக முக்கியம். பல பேலன்ஸ்டு ஆர்மேச்சர் (ஒரு வகைக் குட்டி டிரைவர்) கொண்ட இயர்போன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இம்பீடன்ஸ் ஓர் அதிர்வெண்ணில் 10 ஓம், வேறோர் அதிர்வெண்ணில் 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம். வெளியீட்டு இம்பீடன்ஸ் 1 ஓமுக்குக் கீழே இருந்தால் பிரச்சினை இல்லை. அதுவே 10 ஓமாக இருந்தால், 10 ஓம் இடத்தில் ஒலி 6 டெசிபல் குறையும், 50 ஓம் இடத்தில் 1.6 டெசிபல்தான் குறையும். ஆக இயர்போனின் டோனே 4.4 டெசிபல் கோணிவிட்டது. இது எல்லோருக்கும் கேட்கும். வெளியீட்டு இம்பீடன்ஸ், ஹெட்போன் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது எல்லோரும் கைக்கொள்ளும் விதி. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம், 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓம்.

மூன்றாவது இரைச்சல். இரண்டு வகை உண்டு, இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பாட்டு ஓடாதபோதும் 'ஸ்ஸ்' என்று சீராகக் கேட்டால் அது ஆம்பின் இரைச்சல். கூர்மையான உணர்திறன் உள்ள இயர்போனில்தான் பெரும்பாலும் தெரியும், கெயினை (பெருக்கும் அளவை) குறைத்தால் அடங்கும். மவுஸை நகர்த்தும்போது கிறீச் என்று கேட்டாலோ, ம்ம் என்று 50 ஹெர்ட்ஸ் ஹம் வந்தாலோ அது கிரவுண்ட் லூப், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகி அதில் ஓடும் மின்னோட்டம். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் டிஏசி மேல் பழி இல்லை. லேப்டாப்பிலிருந்து ஆப்டிக்கல் கேபிளில் எடுத்தால் மின் இணைப்பே இல்லாமல் போய்விடும், ஹம்மும் போய்விடும். ஆப்டிக்கல் இல்லையென்றால், மின் இணைப்பைத் துண்டித்துத் தரவை மட்டும் கடத்தும் யூஎஸ்பி ஐசலேட்டர் போடலாம். ஏடியூஎம்3160 சிப் உள்ள மலிவான ஐசலேட்டர் 12 மெகாபிட் வேகம்தான் தரும். 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் வரை அது போதும். அதற்கு மேல், அல்லது டிஎஸ்டி (ஒரு பிட் ஹை-ரெஸ் வடிவம்) வேண்டுமென்றால் ஹை-ஸ்பீட் ஐசலேட்டர் வாங்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: ஹம் போக வேண்டுமென்று மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது. ஆம்பின் உள்ளே ஒரு வயர் நழுவிச் சேஸியைத் தொட்டால், அந்த எர்த் பின் மட்டுமே உங்களுக்கும் 230 வோல்டுக்கும் நடுவே நிற்கிறது.

இந்த மூன்றும் சரியாக இருந்துவிட்டால், ஒழுங்காகச் செய்யப்பட்ட இரண்டு டிஏசிகளுக்கு நடுவே காது பிடிக்கக்கூடிய வித்தியாசம் மிகக் குறைவு. ஒரு டிஏசியின் இரைச்சலும் சிதைவும் 100 டெசிபல் கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டின் உச்சம் உங்கள் காதில் 100 டெசிபலில் ஒலித்தால், டிஏசியின் குப்பை 0 டெசிபலில் இருக்கும். அமைதியான வீட்டு அறையின் இரைச்சலே 30 டெசிபல். சின்ன டாங்கிள்களில் பல இன்று இந்த அளவைத் தொட்டுவிடுகின்றன.

ஹை-ரெஸ் கோப்புகள், அதாவது சிடியைவிடக் கூடுதல் பிட்டும் வேகமும் கொண்டவை, பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். 2007ல் அமெரிக்காவின் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டி இதழில் மேயர், மோரன் இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்தர டிஸ்க்குகளின் வெளியீட்டை நடுவில் 16 பிட் 44.1 கிலோஹெர்ட்ஸ் சுற்று ஒன்றின் வழியாக விட்டு, வித்தியாசம் தெரிகிறதா என்று 554 முறை கேட்கவைத்தார்கள். சரியான விடைகள் கிட்டத்தட்ட பாதி, அதாவது காசு சுண்டிப் போட்டால் வரும் அளவு. பிறகு 2016ல் ஜோஷுவா ரீஸ் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது 52.3 சதவீதம் என்று வந்தது. பயிற்சி பெற்றவர்களிடம் இது சுமார் 60 சதவீதமாகக் கூடியது. வித்தியாசம் இருக்கலாம், இருந்தால் அது நூலிழை அளவு என்றுதான் இரண்டும் சேர்ந்து சொல்கின்றன.

ஒப்பிட்டுக் கேட்பது எப்படி

முதல் வேலை அளவைச் சமப்படுத்துவது. 0.1 டெசிபலுக்குள் வர வேண்டும், அதாவது வோல்டேஜில் சுமார் 1 சதவீதம். இதற்கு மல்டிமீட்டர் போதும், ஆனால் எந்த மல்டிமீட்டரும் போதாது. கடைகளில் கிடைக்கும் மஞ்சள் நிற டிடி830 வகையில் ஏசிக்கு 200 வோல்ட், 750 வோல்ட் என்ற இரண்டே ரேஞ்சுதான். 2 வோல்டை அதில் அளந்தால் 0.1 வோல்ட் படியில்தான் காட்டும், ஒன்றுக்கும் உதவாது. ஏசியில் 2 வோல்ட் அல்லது அதற்குக் கீழான ரேஞ்சு உள்ள மீட்டர் வேண்டும். இன்னொன்று: மலிவான மீட்டர்களின் ஏசி அளவீடு மின்சார லைனின் 50 ஹெர்ட்ஸை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. பலவற்றில் 400 ஹெர்ட்ஸ் தாண்டினால் அளவு தடுமாறும். எனவே 1 கிலோஹெர்ட்ஸ் டோன் வேண்டாம், 200 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஓடவிட்டு அளங்கள்.

எந்த டிஏசி சத்தம் கூடுதலோ அதை பிளேயரின் டிஜிட்டல் வால்யூமில் குறையுங்கள். 24 பிட் வெளியீடாக இருந்தால் ஒரு டெசிபல் குறைப்பதில் எந்த நஷ்டமும் இல்லை. ஹெட்போனை நேராகச் செருகிக் கேட்பதானால், ஹெட்போன் செருகியிருக்கும்போதே ஒரு ஸ்ப்ளிட்டர் வழியாக அளக்க வேண்டும். சும்மா அளந்தால் வெளியீட்டு இம்பீடன்ஸின் விளைவு மீட்டரில் தெரியாது.

பிறகு கண்ணை விலக்க வேண்டும். எது ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு கேட்டால், விலையும் பெட்டியின் கனமும் சேர்ந்தே ஒலிக்கும். யாருக்கும் இது விதிவிலக்கு இல்லை, பல வருடம் ஸ்டூடியோவில் இருந்தவருக்கும் இல்லை. சுவிட்ச் பெட்டி ஒன்றும் கூட ஒருவரும் இருந்தால் அவர் மாற்ற, நீங்கள் பார்க்காமல் கேட்கலாம். தனியாளாக இருந்தால் வேறு வழி: இரண்டு டிஏசிகளின் வெளியீட்டையும் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸில் 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸில் பதிவுசெய்து, ஃபூபார்2000 பிளேயரின் ஏபிஎக்ஸ் கருவியில் (எது ஓடுகிறது என்று காட்டாமல் கேட்கவைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லும் சோதனை) ஏற்றி ஒப்பிடலாம். சில நொடி நீளத் துண்டுகளை எடுத்து உடனுக்குடன் மாற்றிக் கேளுங்கள். ஒலியின் நுணுக்கம் நினைவில் சில நொடிகளுக்கு மேல் நிற்பதில்லை. கேபிளைக் கழற்றி மாட்டி இரண்டு நிமிடம் கழித்துக் கேட்பது ஒப்பீடே ஆகாது.

16 முறை முயன்று 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால், அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்க வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. 10க்கு 7 சரி என்பது ஒன்றையும் நிரூபிக்காது. சும்மா ஊகித்தாலே அந்த அளவோ அதற்கு மேலோ ஆறில் ஒரு முறை வந்துவிடும்.

பர்ன்-இன்: எதற்கு உண்டு, எதற்கு இல்லை

அசையும் பாகம் எதுவோ அதற்குப் பர்ன்-இன் உண்டு. ஸ்பீக்கரின் கோனைத் தாங்கும் மடிப்புத் துணி, அதாவது ஸ்பைடர், ரெசினில் தோய்த்து விறைப்பாக வரும். சில மணி நேரம் நன்றாக அசைந்தால் விறைப்பு தளர்ந்து, யூனிட்டின் (பெட்டி இல்லாத ஸ்பீக்கரின்) ரெசனன்ஸ், அதாவது அது இயல்பாக அதிரும் அதிர்வெண், இறங்கும். இதை இம்பீடன்ஸ் அளவீட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஆனால் பெட்டிக்குள் வைத்த பிறகு எவ்வளவு கேட்கும்? கணக்கைப் பாருங்கள். ரெசனன்ஸ் 40 ஹெர்ட்ஸ், சமான காற்றுக் கொள்ளளவு (கோனைத் தாங்கும் பாகத்தின் விறைப்புக்குச் சமமான காற்றின் அளவு) 20 லிட்டர் உள்ள ஒரு வூஃபர், 20 லிட்டர் மூடிய பெட்டியில் இருக்கிறது. பெட்டிக்குள் ரெசனன்ஸ் 56.6 ஹெர்ட்ஸ் வரும். தளர்ந்து யூனிட்டின் ரெசனன்ஸ் 36க்கு இறங்கினால், சமான காற்றுக் கொள்ளளவு 24.7 லிட்டராகக் கூடும். இப்போது பெட்டிக்குள் ரெசனன்ஸ் 53.8. யூனிட்டில் 10 சதவீத மாற்றம், பெட்டிக்குள் 5 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. பெட்டிக்குள் அடைபட்ட காற்றின் ஸ்பிரிங் மாறவே இல்லை, காரணம் அதுதான். நாலு மீட்டர் நீள அறையில் 43 ஹெர்ட்ஸில் அறையே 10 டெசிபல் ஏற்ற இறக்கம் போடும். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்தினால் இதைவிடப் பெரிய மாற்றம் கேட்கும். புது ஸ்பீக்கரை நாலைந்து மணி நேரம் நடுத்தர வால்யூமில் பாஸ் உள்ள பாட்டு போட்டு விட்டுவிடுங்கள், போதும். யூனிட்டை மட்டும் வாங்கிப் பெட்டி செய்பவர்கள் கட்டாயம் ஓட்டிவிட்டுத்தான் அளவெடுக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டிக் கணக்கு தப்பும்.

ஹெட்போனில் டிரைவரின் தளர்வைவிட இயர்பேடின் தேய்மானம் பெரிது. ஃபோம் அமுங்கினால் டிரைவர் காதுக்கு நெருங்கும், பேட் தலையோடு பொருந்தும் விதமும் மாறும். பாஸும் மேல்சுரமும் இரண்டும் மாறும். சில மாதங்களில் ஹெட்போன் 'பக்குவமானது' என்று உணர்ந்தால் அதில் பாதிக்கு மேல் இதன் வேலை. புது பேட் மாட்டிப் பாருங்கள், பழைய ஒலி திரும்பி வரும்.

டிஏசி சிப்பில் அசைவதற்கு ஒன்றும் இல்லை. வார்ம்-அப் உண்டு: போட்டதிலிருந்து 15, 30 நிமிடத்தில் வெப்பம் நிலைகொள்ளும், கிளாக்கின் அதிர்வெண் பத்து லட்சத்தில் சில பங்கு நகரும். அதைச் சுருதியாகக் கேட்க யாராலும் முடியாது. கிளாஸ்-ஏ ஆம்பும் வால்வு ஆம்பும் சூடேறும்வரை பயஸ் (சிக்னல் இல்லாதபோதும் ஓடும் மின்னோட்டம்) நிலைகொள்ளாது, அங்கே அரை மணி நேரம் பொறுப்பதில் அர்த்தம் இருக்கிறது. எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் பல வருடம் மின்சாரம் இல்லாமல் கிடந்தால் உள்ளே ஆக்சைடு படலம் மெலிந்து கசிவு மின்னோட்டம் கூடியிருக்கும். வோல்டேஜ் ஏறியதும் படலம் மறுபடி உருவாகும். பரணில் கிடந்த பழைய ஆம்பை எடுத்தால் இதனால்தான் நேராகப் பிளக்கில் செருகாமல் சீரீஸில் 60 வாட் இழை பல்பு போட்டு ஏற்றச் சொல்கிறோம். பல்பு பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, உடனே நிறுத்துங்கள். இது டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்புக்கான முறை, எஸ்எம்பிஎஸ் (சுவிட்ச்சிங் வகை மின்சப்ளை) உள்ள கருவிக்குப் பொருந்தாது. போன மாதம் தயாரான டிஏசிக்கு இந்தக் கதை எதுவும் கிடையாது.

"என் காதில் மாறியது நிஜம்" என்பவர்கள் பொய் சொல்லவில்லை. மாறியது கேட்பவரின் பழக்கம். புது டோனுக்கு மூளை ஒத்துப்போக நாட்கள் ஆகும். சோதிக்க விரும்பினால் வழி இருக்கிறது. பெட்டியைத் திறந்த அன்றே டிஏசி வெளியீட்டை இன்டர்ஃபேஸில் செருகி, ஆர்இடபிள்யூ மென்பொருளில் ஒரு ஸ்வீப்பும் (எல்லா அதிர்வெண்களையும் வரிசையாக ஓட்டும் அளவீடு) 1 கிலோஹெர்ட்ஸ் சிதைவு அளவீடும் எடுத்துச் சேமியுங்கள். ஒரே பாட்டை ஒரு முறை பதிவுசெய்து வையுங்கள். 100 மணி நேரம் கழித்து அதே கேபிள், அதே லெவலில் மறுபடி எடுத்து, இரண்டு பதிவுகளையும் டெல்டாவேவ் மென்பொருளில் கழித்துப் பாருங்கள். ஒரே நாளில் அடுத்தடுத்து எடுத்த இரண்டு பதிவுகளுக்கு நடுவே என்ன வித்தியாசமோ, அதே அளவுதான் இங்கேயும் மிஞ்சும்.

இதில் பணம் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. தினம் இரண்டு மணி நேரம் கேட்பவருக்கு 200 மணி நேரம் என்பது 100 நாள். அதற்குள் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்திருக்கும். வாங்கிய வாரத்திலேயே பிடிக்கவில்லையென்றால் காத்திருக்காதீர்கள், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாட்: கை வைக்கும் முன்

அதிகம் பேர் தொடங்குவது ஆப்-ஆம்ப் மாற்றத்தில், ஏனென்றால் சால்டரிங் வேண்டாம், சாக்கெட்டில் செருகினால் போதும். கழற்றப்படுவது பெரும்பாலும் என்இ5532. அதன் இடத்தில் ஓபிஏ2134, எல்எம்4562 வகையறா வரும். இரைச்சல் கணக்கைப் பார்ப்போம். என்இ5532ன் உள்ளீட்டு இரைச்சல் ரூட் ஹெர்ட்ஸுக்கு 5 நானோவோல்ட், எல்எம்4562க்கு 2.7. பாதிக்குப் பாதி குறைவு என்று தோன்றும். ஆனால் அதைச் சுற்றி 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இருந்தால், அந்த ரெசிஸ்டரே 12.9 நானோவோல்ட் போடுகிறது. வோல்டேஜ் இரைச்சலை மட்டும் கூட்டிப் பார்த்தால் முன்பு 13.8, இப்போது 13.2. லாபம் 0.4 டெசிபல். சிப்பை மாற்றிவிட்டோம், சுற்று அப்படியே இருக்கிறது. டிஏசி சிப்பிலிருந்து வரும் மின்னோட்டத்தை வோல்டேஜாக மாற்றும் முதல் நிலையில் மட்டும் ஆப்-ஆம்பின் வேகம் சிதைவை ஓரளவு மாற்றும். கடைசி பஃபர் நிலையில் மாற்றுவது வீண்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால் முறை இது. மின்சாரத்தைத் துண்டித்துச் சில நிமிடம் விடுங்கள். சாக்கெட்டில் எட்டு கால்கள்: இரட்டை ஆப்-ஆம்பில் 4வது கால் மைனஸ் சப்ளை, 8வது கால் பிளஸ் சப்ளை, 1ம் 7ம் வெளியீடுகள். சிப்பின் ஒரு முனையில் அரைவட்ட வெட்டோ புள்ளியோ இருக்கும், அது 1வது காலைக் காட்டுகிறது. திருப்பிச் செருகினால் சிப் சில நொடிகளில் செத்துவிடும். பழைய சிப் இருக்கும்போதே 4க்கும் 8க்கும் நடுவே வோல்டேஜை அளந்து, புது சிப்பின் டேட்டாஷீட்டில் உச்ச வரம்பு அதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றை ஆப்-ஆம்பும் எட்டுக் கால்தான், ஆனால் கால்களின் அமைப்பு வேறு. என்இ5534ஐ என்இ5532ன் சாக்கெட்டில் வைக்கவே கூடாது.

செருகிய பிறகு ஹெட்போனையோ ஆம்பையோ மாட்டாமல், வெளியீட்டில் டிசி வோல்டேஜை அளங்கள். 10, 20 மில்லிவோல்டுக்குள் இருந்தால் சரி. நூற்றுக்கணக்கில் காட்டினால் பிடுங்கிவிடுங்கள். பிறகு சிப்பின் முதுகை விரலால் தொடுங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, விரல் வைக்க முடியாத சூடு என்றால் பெரும்பாலும் சிப் ஆசிலேட் ஆகிறது, அதாவது தானாகவே அதிர்கிறது. மெதுவான சிப்புக்காகப் போட்ட போர்டில் 55 மெகாஹெர்ட்ஸ் சிப்பை வைத்தால் இது நடக்கும். அந்த அதிர்வு காதுக்கு எட்டாது, ஆனால் ஒலியில் ஒரு கரகரப்பும் 'கூடுதல் விவரம்' மாதிரி ஒரு மினுமினுப்பும் வரும். அதை முன்னேற்றம் என்று நம்பிவிடுவதுதான் இதிலுள்ள பெரிய ஆபத்து. போர்டின் அடியில் 4க்கும் 8க்கும் குறுக்கே 100 நானோஃபாரட் எக்ஸ்7ஆர் செராமிக் ஒன்றை, கால்களை முடிந்தவரை குட்டையாக வெட்டிச் சால்டர் செய்தால் பெரும்பாலும் அடங்கும். சிப்பை நம்பகமான விற்பனையாளரிடம் வாங்குங்கள். மேலெழுத்தைச் சுரண்டி வேறு பெயர் அச்சடித்த போலிகள் இந்த ரகத்தில்தான் அதிகம்.

கெப்பாசிட்டர் மாற்றம் இதைவிடக் கவனம் கேட்கும். ஒலி போகும் வழியில் இருக்கும் 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலைட்டிக்கை எடுத்துவிட்டு, விலை உயர்ந்த 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் வைப்பது பரவலான வழக்கம். அடுத்து வரும் ஆம்பின் உள்ளீடு 10 கிலோ ஓம் என்றால், முன்பு வெட்டு அதிர்வெண் 1.6 ஹெர்ட்ஸ், இப்போது 16 ஹெர்ட்ஸ். 32 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 1 டெசிபல் பாஸ் போய்விட்டது. 'பாஸ் இறுக்கமாகிவிட்டது' என்று சொல்லப்படுவது இதைத்தான். ஃபிலிம் வேண்டுமென்றால் அடுத்த நிலையின் உள்ளீட்டு இம்பீடன்ஸைப் பார்த்து மதிப்பைத் தேர்ந்தெடுங்கள். 100 கிலோ ஓம் என்றால் 1 மைக்ரோஃபாரட் தாராளம்.

மின்சப்ளைப் பக்கம் வேறொரு பொறி இருக்கிறது. எல்எம்1117 போன்ற ரெகுலேட்டரின் வெளியீட்டுக் கெப்பாசிட்டருக்கு ஈஎஸ்ஆர் (உள்ளே இருக்கும் மின்தடை) 0.3 ஓமிலிருந்து 22 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்று டேட்டாஷீட்டே சொல்கிறது. ஈஎஸ்ஆர் குறைந்தால் நல்லது என்று செராமிக்கோ உயர்தர பாலிமரோ வைத்தால் ரெகுலேட்டர் ஆசிலேட் ஆகி, சிப் முழுவதற்கும் அழுக்கு மின்சாரம் போகும். அசலில் இருந்த சாதாரணக் கெப்பாசிட்டர் அந்தச் சுற்றுக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது.

சால்டரிங்கில் போர்டு வீணாவது பெரும்பாலும் கிரவுண்ட் காலில்தான். அது பெரிய செப்புத் தளத்தோடு இணைந்திருப்பதால் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உருகவில்லையே என்று அழுத்தி இழுத்தால் போர்டில் கால் பதியும் செப்பு பேட் பிய்ந்து வந்துவிடும். ஈயமில்லாத சால்டர் 217 டிகிரியில்தான் உருகும். அதன்மேல் 183 டிகிரியில் உருகும் 63/37 சால்டரைக் கொஞ்சம் கலந்து, ஃப்ளக்ஸ் தடவி, அகலமான முனையை 350 டிகிரியில் வைத்தால் தானாக இளகும். எலக்ட்ரோலைட்டிக்கின் உடலில் கோடு போட்ட பக்கம் மைனஸ். மாற்றி வைத்தால் வீங்கி வெடிக்கும், முதல் முறை போடும்போது முகத்தை அருகே கொண்டுபோகாதீர்கள். எஸ்எம்பிஎஸ் உள்ள கருவியில் மெயின்ஸ் பக்கத்துப் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சற்று நேரம் நிற்கும். தொடக்கநிலையில் இருப்பவர்கள் வெளி அடாப்டரில் ஓடும் கருவிகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எது செய்யத் தக்க மாட்? பழுதைத் தீர்க்கும் மாட். எலக்ட்ரோலைட்டிக்கின் ஆயுள் வெப்பம் 10 டிகிரி குறைந்தால் இரட்டிப்பாகும். 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று குறித்தது 55 டிகிரியில் 64,000 மணி நேரம் வரும். அதே 2000 மணி நேரம் குறித்த 85 டிகிரி வகை, ஹீட்சிங்க் பக்கத்தில் 65 டிகிரியில் இருந்தால் 8000 மணி நேரம்தான். இரவு பகலாக ஓடினால் ஒரு வருடம் கூட வராது. பத்துப் பதினைந்து வருடம் ஆன சிடி பிளேயரிலோ ஆம்பிலோ தலை உப்பிய, அடியில் கசிந்த கெப்பாசிட்டரை அதே மதிப்பு, அதே அல்லது கூடுதல் வோல்டேஜ், 105 டிகிரி வகையாக மாற்றினால் கேட்கும் பலன் நிச்சயம். கால் இடைவெளியையும் உயரத்தையும் அளந்துகொண்டு வாங்குங்கள், மூடி மூடாமல் போய்விடும்.

ஸ்டீரியோ கருவியில் ஒரு நல்ல வசதி உண்டு: இடது சேனலை மட்டும் மாற்றிவிட்டு வலதை அசலாக விடலாம். ஒரு பாட்டை மோனோவாக்கி இரண்டு சேனலையும் தனித்தனியே பதிவுசெய்து, லெவலைச் சமப்படுத்தி, ஏபிஎக்ஸில் போட்டுக் கேளுங்கள். அங்கே வித்தியாசம் பிடிபடவில்லை என்றால் மறு சேனலுக்குப் பாகம் வாங்கும் செலவு மிச்சம். இரட்டை ஆப்-ஆம்ப் ஒரே சிப்பில் இரண்டு சேனலையும் ஓட்டும் போர்டுகளில் மட்டும் இது நடக்காது. கழற்றிய அசல் பாகத்தை ஆன்ட்டி-ஸ்டாட்டிக் பையில் போட்டு, எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி ஒட்டி வையுங்கள். தொடங்கும் முன் போர்டின் இரு பக்கமும் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஹம் வந்தாலோ ஒரு சேனல் போனாலோ எந்தக் கால் எங்கே போனது என்று தேடும்போது அந்தப் போட்டோ கைகொடுக்கும்.